அட்டையில் ஒரு புள்ளி

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்தொன்று.

குரு, டாக்டர் நிலோஃபர். திருச்சி தில்லைநகரில் பல் மருத்துவம் பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பல் பார்க்க மாட்டார். அன்றைக்குப் பழைய காமிக்ஸ் புத்தகங்களைப் பார்ப்பார். எந்த ஊரில் யாருக்கு ஒரு பழைய காமிக்ஸ் கிடைத்தாலும் தரம் தெரிந்துகொள்ள அவரிடம்தான் கொண்டுவருவார்கள். பத்துக்கு இத்தனை என்று அவர் ஒரு மார்க் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

சீடர், வைரவன். தேவகோட்டைக்காரர். இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அடிபட்ட லாரி, தீப்பிடித்த கிடங்கு, மழையில் நனைந்த பருத்தி என்று போய்ப் பார்த்து, சேதம் இவ்வளவுதான் என்று எழுதிக் கொடுத்தவர். அவர் எழுதியது ஒரு நாளும் கேட்டதைவிடக் கூடியதில்லை.

முதல் முறை அவர் கோபத்தோடு வந்தார். புதிது போல இருக்கிறது என்று நம்பி ஒரு காமிக்ஸ் வாங்கியிருந்தார். சேலத்துக்காரர் ஒருவர் அதில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டார்.

நிலோஃபர் புத்தகத்தைக் கையில் வாங்கவில்லை. மேஜைமேல் இருந்ததை ஒரு பார்வை பார்த்தார்.

"முதுகுல இருக்கிற சிவப்பு பிரஸ்ல அடிச்சது இல்ல சார். ஸ்கெட்ச் பேனா. பின் ரெண்டும் புதுசு."

"தொட்டுக்கூடப் பார்க்கலையே டாக்டர்?"

"பின் பளபளன்னு இருக்கு. பின் குத்தின துளையைச் சுத்தித் துரு இருக்கு. பின்ல இல்லாத துரு பேப்பருக்கு எங்கே இருந்து வந்துச்சு?"

வைரவனின் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. காலமெல்லாம் லாரிகளில் அவர் தேடியதும் இதைத்தான். புதுப் பெயிண்டுக்கு அடியில் பழைய நசுங்கல்.

"எனக்கு இதைச் சொல்லிக் கொடுங்க," என்றார்.

"சொல்லிக் கொடுக்க நேரமில்லை. ஞாயித்துக்கிழமை வாங்க. பக்கத்துல உட்காருங்க."

அப்படித்தான் அவர் சீடரானார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலோஃபர், அன்று காலை கடையில் வாங்கிய ஒரு புத்தம்புதிய புத்தகத்தை அவரிடம் நீட்டினார். மை வாசனைகூடப் போகவில்லை.

"மார்க் போடுங்க."

வைரவன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பத்து."

நிலோஃபர் மேஜை விளக்கைச் சாய்த்தார். சாய்ந்த வெளிச்சத்தில் முதுகின் ஓரம் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது.

"இது யார் பண்ணினது?"

வைரவன் கோட்டை விரலால் தடவினார். "மடிக்கிற மெஷின்."

"மார்க் குறைப்பீங்களா?"

"மெஷின்லயே வந்ததுன்னா அது இதோட பிறப்பு. குறைக்கக் கூடாது."

"பல்லுல பிறவியிலயே வர்ற கறை இருக்கு. வெத்தலைக் கறையும் இருக்கு. தேய்ச்சா ஒண்ணுதான் போகும்," என்றார் நிலோஃபர். "எது பிறப்பு, எது அடின்னு பிரிக்கிறதுதான் இந்த வேலை. வேற ஒண்ணும் இல்ல."

வைரவன் வேகமாகத் தேறினார். கரையான் தொட்டதா, பூச்சி அரித்ததா என்று ஓட்டையைப் பார்த்தே சொன்னார். இஸ்திரிப் பெட்டி வைத்து மடிப்பு எடுத்த அட்டையை முகர்ந்தே கண்டுபிடித்தார். ஆனால் சேகரிப்பவர்கள் அவரிடம் புத்தகத்தைக் கொடுக்கவே பயந்தார்கள். எட்டு வரும் என்று நினைத்தால் ஆறரை போடுவார். அவருக்குக் 'கத்தரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் வந்தது. அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

"டாக்டர், நான் எப்போ தனியா மார்க் போடலாம்?" என்று ஒரு நாள் கேட்டார்.

"நான் போட்ட மார்க்கை நீங்க திருத்துற அன்னைக்கு."

வைரவன் சிரித்தார். அவர் கேலி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த மழைக்காலத்தில் கோவில்பட்டியிலிருந்து பால்ராஜ் என்பவர் வந்தார். வாடகை வேன் ஓட்டுபவர். அவருடைய அப்பா வைத்திருந்த பெட்டிக்கடையில் விற்காமல் தங்கிப்போன கட்டு ஒன்று பரணில் கிடைத்திருந்தது. உள்ளே 'செம்மண் கோட்டை' மூன்று பிரதிகள் இருந்தன. கடல்நாகம் காமிக்ஸ் என்று சிவகாசியில் எப்போதோ நின்றுபோன ஒரு வெளியீட்டின் புத்தகம். அந்த வரிசைக்குச் சேகரிப்பவர்கள் நடுவே பெரிய மதிப்பு. அதிலும் அட்டைப் படங்களுக்கு. புழுதி பறக்கும் குதிரைகள், கோட்டை மேலிருந்து குதிக்கும் வீரர்கள், ஒவ்வொன்றும் அசையப்போவது போல இருக்கும்.

அந்த நேரம் பல்வலியோடு ஒருவர் ஓடிவந்ததால் நிலோஃபர் உள்ளறைக்குப் போயிருந்தார். வைரவனே புத்தகங்களைப் பார்த்தார்.

முதல் பிரதியின் அட்டையில், கோட்டைப் படிக்கட்டின் ஓரத்தில், கடுகளவு கறுப்புப் புள்ளி இருந்தது. மை சிந்தியிருக்கிறது. அரை மார்க் குறைத்தார். இரண்டாவதிலும் புள்ளி. அரை குறைத்தார். மூன்றாவதிலும் குறைத்தார்.

பால்ராஜ் பொறுத்துப் பார்த்தார். பிறகு கேட்டுவிட்டார்.

"என்ன அண்ணாச்சி இது? மூணுக்கும் அதே வெட்டா?"

"மூணுலயும் மை சிந்தியிருக்கே, நான் என்ன பண்ண?"

சொல்லிவிட்டு வைரவன் பேனாவை மூடப் போனார். மூடவில்லை.

வெகு காலத்துக்கு முன்னால் ஒரு சங்கதி. புது லாரிகள் ஒவ்வொன்றாக அவரிடம் வந்தன, இடது கதவுக்குக் கீழே விரிசலோடு. ஒரு ஓட்டுநர் கல்லில் இடித்தேன் என்றார். இன்னொருவர் பள்ளத்தில் இறக்கினேன் என்றார். எல்லோரையும் அவர் பொய்யர்கள் என்றே நினைத்தார். நாலாவது லாரியும் அதே இடத்தில் விரிசலோடு வந்தபோதுதான் உறைத்தது. இடி எங்கே வேண்டுமானாலும் விழும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழாது. விரிசல் லாரி பிறந்த இடத்திலேயே வந்தது.

மூன்று அட்டைகளையும் அருகருகே வைத்தார். அதே படி. அதே ஓரம். அதே புள்ளி.

"இது சிந்தினது இல்ல பால்ராஜ்," என்றார் மெதுவாக. "போட்டது."

நிலோஃபர் நெற்றியில் லென்ஸோடு வெளியே வந்தார். வைரவன் எழுந்து நின்றுகொண்டார். ஏன் எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"டாக்டர், போன வருஷம் ஒரு 'செம்மண் கோட்டை'க்கு எட்டரை போட்டீங்க. புள்ளிக்காக அரை குறைச்சீங்க."

"ஆமா."

"அது தப்பு."

பால்ராஜ் தரையைப் பார்த்தார். டாக்டரிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை என்பது வெளியூர்க்காரரான அவருக்கும் தெரிந்திருந்தது.

நிலோஃபர் லென்ஸைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு குனிந்தார். முதல் பிரதி, இரண்டாவது, மூன்றாவது, மறுபடி முதல் என்று வெகு நேரம் குனிந்தே இருந்தார். பிறகு நிமிர்ந்தார். தன் நாற்காலியிலிருந்து விலகி, அதை வைரவன் பக்கம் தள்ளினார்.

"உட்காருங்க சார்."

"டாக்டர்..."

"இன்னைக்கு நான் அந்த ஸ்டூல்ல உட்கார்றேன். அது வெறும் புள்ளி இல்ல. எழுத்து மாதிரி இருக்கு. நீங்களே பாருங்க."

வைரவன் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார். அச்சில் மை பரவி எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. முதல் எழுத்து மட்டும் தெளிந்தது. லூ.

அந்த வாரமே கடல்நாகம் வரிசை வைத்திருந்தவர்களிடமெல்லாம் அட்டைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி இருந்தது. ஒன்றில் கழுகின் நகத்தடியில், ஒன்றில் அணைந்த நெருப்பின் சாம்பலில், 'பனிமலைத் தூதன்' அட்டையில் பனிக்குமேல் விழுந்த ரத்தத் துளிகளுக்கு நடுவே. எல்லாவற்றுக்கும் யாரோ எப்போதோ அரை மார்க் குறைத்திருந்தார்கள். கடைசி வெளியீடான 'கறுப்பு ஒட்டகம்' ஒன்றில்தான் புள்ளி இல்லை.

புத்தகங்களுக்குள்ளே 'ஓவியம்: கடல்நாகம் சித்திரக் குழு' என்று மட்டும்தான் இருக்கும். முதலாளி ரத்தினவேலே வரைந்தார் என்பது எல்லோருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குக் காரணம் மதுரை வக்கீல் சோமசேகரன். கடல்நாகம் வரிசை முழுவதையும் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். ரத்தினவேலின் கைவண்ணம் பற்றி நீளமாக ஒரு கட்டுரையும் எழுதியிருந்தார்.

வைரவன் சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் செய்தி அனுப்பினார். அட்டைகளை வரைந்தவர் வேறு ஒருவர், அவர் தன் பெயரை ஒவ்வொன்றிலும் போட்டிருக்கிறார், பெயர் 'லூ' என்று தொடங்குகிறது.

பதிலுக்குக் கேலிதான் வந்தது. கத்தரிக்குக் கண் மங்கிவிட்டது என்றார்கள். இத்தனை நாள் குறைத்தவர் இப்போது கூட்டத் தொடங்கிவிட்டார் என்றார்கள். சோமசேகரன் கேலி பேசவில்லை. ஃபோனில் நேரே அழைத்தார்.

"மேகத்துல யானை தெரியுற மாதிரி சார் இது. பார்க்கிறவனுக்குத் தெரியும். அடுத்த மாசம் மதுரையில நம்ம கூட்டம். அங்கே நிரூபிங்க. இல்லைன்னா இனிமே தரம் பார்க்கிற மேஜையில நீங்க உட்காரக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்," என்றார் வைரவன்.

நிலோஃபரிடம் வந்து, "டாக்டர், நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க. சொல்லுங்க," என்றார்.

"நான் சொன்னா என்னை நம்புவாங்க. புள்ளியை நம்ப மாட்டாங்க."

வைரவன் படியிறங்கிப் போனார்.

ஆளைக் கண்டுபிடித்தது பால்ராஜ். வேன் எடுத்துக்கொண்டு சிவகாசி போனவர், அந்தக் காலத்தில் பிரஸ்களில் வேலை பார்த்தவர்களின் வீடு வீடாக விசாரித்தார். பெரியவர் ஒருவர், "லூர்தா? கடல்நாகத்துல அட்டை வரையுற பொண்ணுல்லா? சாத்தூர்ல கட்டிக் கொடுத்தாங்க," என்று வெற்றிலையை மென்றபடியே சொல்லிவிட்டார்.

வைரவனும் நிலோஃபரும் பால்ராஜின் வேனில் சாத்தூர் போனார்கள். வாசலில் தையல் கடை. லூர்தம்மாளின் மகள் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில், ஜாக்கெட்டுக்குப் பூவேலை செய்வதற்காக வரைந்த மயில்கள். அதில் ஒன்று கழுத்தைத் திருப்பி வருகிறவர்களை முறைத்தது. நிலோஃபர் அந்த மயில் முன்னால் நின்றுவிட்டார்.

"கோட்டை மேல இருந்து குதிக்கிற வீரனை வரைஞ்ச கை இது," என்றார் மெல்ல.

லூர்தம்மாள் உள்ளே வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எண்பதை நெருங்கும் வயது. தடித்த கண்ணாடி. வைரவன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி, ஃபோனில் இருந்த அட்டைப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

அம்மாள் படத்தைப் பார்த்தார். வெள்ளரிக்காயைத் தட்டில் வைத்தார். உடம்பு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏ ஸ்டெல்லா, இங்க வா! ஒரு வழியாக் கண்டுபிடிச்சுட்டாங்கடி!"

"ஏம்மா, பேரை நேராப் போடக்கூடாதா?" என்று கேட்டார் வைரவன்.

"முதலாளி விடலையே. துப்பாக்கிச் சண்டையை ஒரு பொம்பளப்புள்ள வரைஞ்சான்னா பயலுக வாங்க மாட்டானுகன்னாரு. சரி, நீங்க போட வேண்டாம், நானே போட்டுக்கிடுதேன்னு போட்டேன்."

"அவர் பார்க்கவே இல்லையா?"

"பார்க்காம என்ன? 'புள்ள, மை சொட்டுது பாரு, பிரஷை உதறிட்டு வரை'ன்னாரு. சரிங்க முதலாளின்னேன்."

மறுபடி சிரித்தார். வைரவனால் சிரிக்க முடியவில்லை.

"நாங்களும் மைன்னுதாம்மா நினைச்சோம். அதுக்கு மார்க் குறைச்சுட்டோம்."

"எவ்வளவு?"

"அரை."

"என் பேருக்கா?"

"ஆமாம்மா."

லூர்தம்மாள் கொஞ்சம் யோசித்தார். "பரவாயில்ல. முதலாளி முழுசாவே குறைச்சாரு."

வெள்ளரிக்காயில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி மூவரிடமும் நீட்டினார். வைரவன் மதுரைக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். வக்கீல் விட்ட சவாலைச் சொன்னார். எல்லா அட்டையிலும் பெயர் இருக்கிறது, 'கறுப்பு ஒட்டக'த்தில் மட்டும் இல்லை, வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார் என்றும் சொன்னார்.

"ஒட்டகத்துல இல்லையா?" என்றார் அம்மாள்.

"இல்லம்மா. எல்லாரும் தேடிட்டோம்."

அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"கூட்டம் என்னைக்குன்னு சொன்னீங்க? நான் வாரேன்."

மதுரையில் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சுவரோரமெல்லாம் மேஜைகள், மேஜையெல்லாம் கண்ணாடி உறையில் புத்தகங்கள். வெளியூர்களிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் புத்தகம் வாங்க வந்தவர்கள். மீதிப் பேர் கத்தரி தோற்பதைப் பார்க்க வந்தவர்கள்.

மகள் கையைப் பிடித்துக்கொண்டு லூர்தம்மாள் உள்ளே வந்தார். பின்வரிசை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து முதலில் தண்ணீர் கேட்டார்.

சோமசேகரன் எழுந்து அவரைக் கும்பிட்டார். "அம்மா, உங்க மேல எனக்கு மரியாதைதான். நீங்க அந்த பிரஸ்ல வேலை பார்த்திருக்கலாம். ஆனா நான்தான் வரைஞ்சேன்னு அங்கே வேலை பார்த்த யார் வேணும்னாலும் சொல்லலாம் இல்லையா? புள்ளியைப் பார்த்தா சரியா வாசிக்க முடியல. வாசிக்க முடியாததை எப்படிச் சாட்சின்னு ஏத்துக்கிறது?"

"நியாயம்தான்," என்றார் லூர்தம்மாள். "ஒட்டகம் வச்சிருக்கீங்களாய்யா?"

"வச்சிருக்கேன். டாக்டர் நிலோஃபரே ஒன்பதரை போட்ட பிரதி. அதுல புள்ளியே இல்லம்மா. நான் சொல்ல வந்ததே அதுதான். எல்லாத்துலயும் பேர் போட்டவங்க கடைசியில மட்டும் ஏன் விடணும்?"

"எடுத்துட்டு வாங்க. என் கிட்ட வேண்டாம். அங்கனயே வைங்க. நான் இங்கன இருந்து எழுந்திரிக்க மாட்டேன்."

சோமசேகரன் தன் பெட்டியைத் திறந்து புத்தகத்தைக் கொண்டுவந்து முன்வரிசை மேஜையில் வைத்தார். மஞ்சள் மணலில் கறுப்பு ஒட்டகம் ஒன்று பாய்ந்து வந்தது. சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது.

"அது அச்சாகி வர்றதுக்குள்ள எனக்குக் கல்யாணம் ஆயிட்டு," என்றார் அம்மாள் இருந்த இடத்திலிருந்தே. "அந்தப் புத்தகத்தை நான் கண்ணால பார்த்ததில்ல. வரைஞ்ச படத்தைத்தான் பார்த்திருக்கேன். ஒட்டகத்துக்குச் சேணம் போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"சேணத்துக்குக் கீழ குஞ்சம் தொங்குதா?"

"தொங்குது."

"வால் பக்கத்துக் கடைசிக் குஞ்சத்தைப் பாருங்க. எப்பவும் மை சொட்டுதுன்னு ஏசுதாரேன்னு அந்தத் தடவை கறுப்பு வைக்கல. கறுப்புக்குள்ள பேரைக் கொஞ்சம் பெரிசா, வெள்ளையா விட்டேன்."



வைரவன் நிலோஃபரைப் பார்த்தார். நிலோஃபர் கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தார். தான் மாட்டிக்கொள்ளவில்லை. வைரவனிடம் கொடுக்கவுமில்லை. நேராகப் போய் சோமசேகரனிடம் நீட்டினார்.

வக்கீல் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. லென்ஸைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். அவர் ஒருவர்தான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்தவர் வந்து பார்க்கும்வரை அவர் கட்டுரை பிழைத்திருக்கும்.

அவர் நிமிர்ந்தார். கோர்ட்டில் தீர்ப்பு வாசிப்பவர் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"லூர்து," என்றார்.

பின்வரிசைக்குக் கேட்கவில்லை. அவர் குரலை உயர்த்தினார்.

"லூர்து! எழுத்துப் பிசகாம இருக்கு. லூர்து. அட்டைகளை வரைஞ்சது இந்த அம்மாதான். நான் எழுதினது தப்பு."

சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பின்வரிசைக்குப் போய், அம்மாள் காலடியில் குனிந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

யார் முதலில் கைதட்டியது என்று தெரியவில்லை. மண்டபமே எழுந்து நின்றது. விசில் பறந்தது. சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தவர்களும் என்ன ஏது என்று தெரியாமலேயே கைதட்டினார்கள். பால்ராஜ் ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று, "எங்க ஊர்ப் பக்கம்! எங்க ஊர்ப் பக்கம்!" என்று கத்தினார்.

லூர்தம்மாள் வெட்கப்படவில்லை. கண்ணைத் துடைக்கவில்லை. தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். கைதட்டல் ஓய ஓய மறுபடி தூக்கினார். அழுதது மகள்தான்.

வைரவன் தூண் ஒன்றில் சாய்ந்து நின்றார். எத்தனையோ வீட்டு வாசல்களுக்கு அவர் போயிருக்கிறார். அவர் போட்ட கையெழுத்தால் ஒருவருக்கும் கேட்டதற்கு மேல் கிடைத்ததில்லை. இந்த அம்மாள் எதையும் கேட்கவே இல்லை. கைக்குட்டையைத் தேடினார். கிடைக்காமல் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆட்கள் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கத்தரி என்று பெயர் வைத்த சேலத்துக்காரர் அவரைக் கட்டிக்கொண்டார். சோமசேகரன் அவரைத் தோளில் கைபோட்டு அழைத்துப் போய், தரம் பார்க்கும் மேஜையின் நடு நாற்காலியில் தானே உட்காரவைத்தார்.

"இனிமே இந்த இடம் உங்களுக்கு," என்றார்.

அதற்குள் மண்டபத்தின் மறுபக்கம் ஒரு வரிசை உருவாகியிருந்தது. லூர்தம்மாளுக்கு முன்னால் மேஜை போட்டு, தடித்த பேனா ஒன்று கொடுத்திருந்தார்கள். கடல்நாகம் வைத்திருந்தவர்கள் அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாள் இப்போது கடுகளவாக எழுதவில்லை. அட்டையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, கோட்டையின் மேலும் குதிரையின் மேலும் ஓடும்படி எழுதினார்.

வரிசையில் சேராமல் சிலர் தயங்கி நின்றார்கள். அவர்களில் ஒருவர் வைரவனின் மேஜைக்கு வந்து, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டே கேட்டார்.

"சார், இது ஒன்பது மார்க் புத்தகம். அட்டையில பேனா எழுத்து இருந்தா எவ்வளவு குறைப்பீங்க?"

வைரவனுக்கு விதி மனப்பாடம். வாயும் திறந்தார். ஆனால் சொல்லவில்லை. "இருங்க, கேட்டுட்டு வர்றேன்," என்று எழுந்தார்.

பால்ராஜிடம் விலைக்கு வாங்கிய 'செம்மண் கோட்டை' ஒன்று அவர் பையிலும் இருந்தது. நிலோஃபரைத் தேடினார். அவர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். கையில் உறையைக் கழற்றிய 'பனிமலைத் தூதன்'. இருக்கிற பிரதிகளிலேயே மிக நல்ல பிரதி அது. அவர் யாரையும் அதைத் தொட விட்டதில்லை.

வைரவன் அருகில் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"டாக்டர், பேனா பட்டா மார்க் குறையுமே?"

"குறையும் சார்," என்றார் நிலோஃபர். "கூட்டம் சேருது பாருங்க, சீக்கிரம் உங்க புத்தகத்தை எடுத்துட்டு வந்து என் பின்னாடி நில்லுங்க."